திறன்பேசி இல்லாதார் கணக்கில் இல்லாதாரா?

வங்கி என்பது நம்பிக்கையின் மீது எழுப்பப்பட்ட ஓர் அமைப்பு. உழைப்பவர் தம் ஊதியத்தின் ஒரு பகுதியை அதனிடம் ஒப்படைக்கிறார்; வேண்டும்போது அதனைத் திருப்பித் தருவதாக அது உறுதி கூறுகிறது. இவ்வுறுதியினுள் ஒரு வினாவும் அடங்கியிருக்கிறது. பணம் கேட்டு வருபவர் அக்கணக்கிற்கு உரியவர்தாமா என்பதே அவ்வினா. வங்கித் தொழில் தோன்றிய நாள் தொட்டு இதற்கு விடை காணும் முறைகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. கையொப்பம், கைநாட்டு, சேமிப்புப் புத்தகம், அடையாள அட்டை, இரகசிய எண் என அவை பலவாகும். இவை அனைத்திற்கும் ஒரு பொதுப்பண்பு உண்டு. இவற்றுள் சில வாடிக்கையாளர் தம் கையாலேயே தரக்கூடியவை. மற்றவை வங்கியோ அரசோ அவருக்கு வழங்கியவை. தம் பணத்தைத் தாம் பெறுவதற்கு முன், கடைக்குச் சென்று ஒரு கருவியை விலைகொடுத்து வாங்கி வருமாறு எந்த வங்கியும் முற்காலத்தில் கேட்டதில்லை.

இன்று அந்நிலை மாறிவிட்டது. இணையத்தின் வழியே பணம் அனுப்ப வேண்டுமா? திறன்பேசியில் செயலியைத் திற. புதிய கணக்கொன்றைப் பெறுநர் பட்டியலில் சேர்க்க வேண்டுமா? செயலியில் ஒப்புதல் கொடு. செயலி இல்லையேல் கிளைக்குச் சென்று வரிசையில் நில். வங்கிகளின் இன்றைய நடைமுறை பெரும்பாலும் இவ்வாறே அமைந்திருக்கிறது. திறன்பேசி நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. அதனைக் கையாள வல்லவர்க்கு அது வசதியைத் தருகிறது. பார்வையற்றோர் பலர்கூடத் திரையை வாசித்துச் சொல்லும் வசதியின் துணையால் அதனைத் திறம்படப் பயன்படுத்துகின்றனர். ஆனால் நல்ல கருவி என்பது வேறு. அதுவன்றி வேறு வழியே இல்லை என்பது வேறு. முன்னதை வரவேற்கலாம். பின்னதை எதிர்த்தே ஆக வேண்டும்.

சாவி மாறிய வரலாறு

நம் நாட்டில் அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணிகளை ஏற்று, 1974 டிசம்பர் 1ஆம் நாள் பேங்க் சிம்பானான் நேஷனல் தோன்றியது. அக்காலத்தில் எழுத்தறியாத தோட்டப்புற மக்களும் சேமித்தனர். பெருவிரல் ரேகையே அவர்தம் கையொப்பமாயிற்று. எழுதத் தெரியாமை சேமிப்பதற்குத் தடையாகக் கருதப்படவில்லை. 2001ஆம் ஆண்டில் மைகார்டு அறிமுகமானபோது, அதே பெருவிரல் ரேகை அட்டையினுள் பதிக்கப்பட்ட சில்லில் இடம் பெற்றது. பழைய கைநாட்டு புதிய அறிவியலோடு கைகோத்த நிகழ்ச்சி அது.

2000ஆம் ஆண்டில் இணைய வங்கிச் சேவை இங்குத் தொடங்கிற்று. கடவுச்சொல்லை மட்டும் நம்புதல் தகாது என்பதால், பின்னர் ‘டேக்’ எனப்படும் ஒருமுறை எண் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. பொத்தான்கள் உடைய மிக எளிய கைப்பேசியிலும் அக்குறுஞ்செய்தி வந்து சேரும். ஆகையால் எளிய மக்களும் அதனை ஒருவாறு கையாள முடிந்தது.

அம்முறையில் குறைகள் இருந்தன என்பதை மறைத்தல் நேர்மையன்று. மோசடிக்காரர் இனிய சொற்களால் அவ்வெண்ணைக் கேட்டுப் பெற்றனர். வேறு சிலர் கைப்பேசியினுள் தீய செயலியைப் புகுத்திக் குறுஞ்செய்தியைத் திருடினர். 2022 ஏப்ரலில் ஈசெட் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம், வீட்டுத் துப்புரவுப் பணிக்கு ஆள் அனுப்புவதாகக் கூறும் போலிச் செயலிகள் 8 மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளரைக் குறிவைத்ததை வெளிப்படுத்தியது. இத்தகைய கேடுகளைக் கண்ட பேங்க் நெகாரா, 2022 செப்டம்பரில் ஐந்து நடவடிக்கைகளை அறிவித்தது. குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு, அதனினும் வலிய முறைகளுக்கு வங்கிகள் மாற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மற்றொன்று, இணைய வங்கிப் பரிமாற்றங்களுக்கு ஒப்புதல் அளிப்பதை ஒரே கைப்பேசியோடு அல்லது ஒரே பாதுகாப்பான கருவியோடு வரையறுக்க வேண்டும் என்பது.

இங்கு ‘அல்லது’ என்னும் சொல்லை ஆசிரியரும் மாணவரும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இலக்கணம் கற்றோர் அச்சொல்லின் ஆற்றலை அறிவர். கைப்பேசி ஒரு வழி. பாதுகாப்பான தனிக்கருவி மற்றொரு வழி. மைய வங்கியே இரண்டாம் வழியைத் திறந்து வைத்தது. ஆயினும் நடைமுறையில் வங்கிகள் பலவும் அத்தொடரின் முற்பாதியையே உரக்கப் படித்தன. பிற்பாதி அவற்றின் விளம்பரங்களில் காணப்படவில்லை.

அண்டை நாடான சிங்கப்பூரிலும் காற்று அதே திசையில் வீசுகிறது. கைப்பேசியில் மின்னிலக்க ஒப்புதல் முறையை ஏற்றுக்கொண்ட வாடிக்கையாளர், கணக்கினுள் நுழைவதற்கு ஒருமுறை எண்ணைப் பயன்படுத்தும் வழக்கம் படிப்படியாக நீக்கப்படும் என்று அந்நாட்டின் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2024 ஜூலை 9ஆம் நாள் அறிவித்தன. அம்முறைக்கு மாறாதவர் விரைவில் மாறுமாறு வற்புறுத்தப்பட்டனர்.

விடுபட்டோர் யாவர்?

‘இக்காலத்தில் கைப்பேசி இல்லாதவர் யார்?’ என்று இளையோர் வியப்புடன் வினவுவர். வினா எளிது, விடையோ நீண்டது. கைப்பேசி இருந்தும் அது பொத்தான் கைப்பேசியாக இருப்பவர் உளர். திறன்பேசி இருந்தும், அது பழையதாகிவிட்டமையால் வங்கியின் செயலி அதில் இயங்க மறுக்கும் நிலையில் உள்ளோர் உளர். நம் நாட்டில் மூன்றாம் தலைமுறை அலைவரிசைச் சேவை 2021ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்டபோதே, நன்கு இயங்கிய கருவிகள் பல பயனற்றுப் போயின. கருவி கெட்டுப் போனதால் அன்று. காலம் அதனைக் கைவிட்டதால்.

முதுமையால் விரல் நடுங்குவோர் கண்ணாடித் திரையில் ஒன்றைத் தொட நினைத்து மற்றொன்றைத் தொடுவர். கண்புரை உடையோர்க்குச் சிறிய எழுத்துகள் மங்கலாகத் தெரியும். ஆண்டுக்கணக்கில் பால்மரம் வெட்டியும் சிமெண்டு சுமந்தும் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்க மறுப்பதும் உண்டு. குடும்பம் முழுவதற்கும் ஒரே திறன்பேசி இருக்கும் இல்லங்களில், அது பெரும்பாலும் மகனிடமோ மகளிடமோ வேலைக்குச் சென்றுவிடுகிறது. அலைத்தொடர்பு வந்து வந்து மறையும் செம்பனைத் தோட்டங்களின் உட்புறத்தில் வாழ்வோரையும் மறத்தல் ஆகாது. நேற்றுவரை எல்லா வசதியும் பெற்றிருந்து, இன்று காலை பேருந்தில் கைப்பேசியைப் பறிகொடுத்தவரையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரே கருவியோடு பிணைக்கப்பட்ட கணக்கு, அக்கருவி தொலைந்தவுடன் உரியவருக்கே அடைபட்டுவிடுகிறது.

2030ஆம் ஆண்டளவில் நம் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்திருப்பர் என்பது கணிப்பு. ஆகவே இது சிறு கூட்டத்தாரின் குறை என்று ஒதுக்கத் தக்கதன்று. இன்றைய இளைஞரும் நாளை முதியோரே.

வங்கிக் கணக்கு வைத்திருப்பது இக்காலத்தில் ஒருவரது விருப்பத்தைப் பொறுத்ததும் அன்று. சொக்சோவின் ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. ஊதியமும் அரசின் உதவித்தொகையும் அங்கேயே வந்து சேர்கின்றன. கணக்கு இன்றியமையாதது என்று ஆக்கிவிட்ட பின்னர், அக்கணக்கைத் திறக்கும் சாவியை மட்டும் உரியவர் தம் செலவில் தேடிக்கொள்ள வேண்டும் என்பது எவ்வகை நீதி?

இதில் மற்றோர் அநீதியும் ஒளிந்திருக்கிறது. 2018 ஜூலை முதல், 5,000 ரிங்கிட் வரையிலான உடனடி இணையப் பணமாற்றத்திற்குத் தனியாரிடம் கட்டணம் வாங்குவது நீக்கப்பட்டது. ஆனால் அதே பணமாற்றத்தை முகப்பிடத்தில் செய்வோரிடம் வங்கிகள் கட்டணம் பெறுகின்றன. இதனால் திறன்பேசி உடையவர் இலவசமாகச் செய்வதை, அதனை வாங்க இயலாதவர் பேருந்துக் கட்டணமும் சேவைக் கட்டணமும் கொடுத்துச் செய்கிறார். இல்லாதவரிடமிருந்து வாங்கி, உள்ளவர்க்குச் சலுகை தரும் ஏற்பாடு இது.

பிறர் கையில் சாவி

‘வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றனரே, அவர்கள் செய்து கொடுப்பர்’ என்பது வங்கிகளும் பொதுமக்களும் எளிதாகக் கூறும் மறுமொழி. இப்பிரச்சினையின் வேர் இம்மறுமொழியில்தான் இருக்கிறது.

‘உங்கள் இரகசிய எண்ணையும் கடவுச்சொல்லையும் யாரிடமும் கூறாதீர், குடும்பத்தாரிடமும் கூறாதீர்’ என்று வங்கிகள் ஓயாமல் எச்சரிக்கின்றன. எச்சரிக்கை நன்று. ஆனால் பேரன் கைப்பேசியில் தாத்தாவின் கணக்கைப் பதிந்து வைக்க வேண்டிய நிலையை உருவாக்கியது யார்? ஒருபுறம் இரகசியம் காக்கச் சொல்கிறார்கள். மறுபுறம் இரகசியத்தைப் பிறரிடம் ஒப்படைத்தாலன்றி இயங்காத ஒரு முறையை ஏற்படுத்துகிறார்கள். நாளை அக்கணக்கிலிருந்து பணம் காணாமற் போனால், இரகசியத்தை வெளியிட்டது வாடிக்கையாளரின் குற்றம் என்று ஒப்பந்த விதிகளைக் காட்டுவார்கள். கைகளைக் கட்டிவிட்டு நீந்தவில்லை என்று கடிவதை இது ஒக்கும்.

பிள்ளைகள் எல்லாரும் தீயவர் என்பது இதன் பொருளன்று. தமிழ்க் குடும்பங்களில் பெற்றோரைப் பேணும் மக்களுக்குக் குறைவில்லை. ஆயினும் முதியவர் ஒருவர் தாம் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைத் தம் மனத்தளவில் வைத்திருக்க உரிமை உடையவர். கோயிலுக்குக் காணிக்கை, கைம்பெண்ணான தங்கைக்குச் சிறு உதவி, பேத்தியின் படிப்புக்கு ஒரு தொகை ஆகியவற்றையெல்லாம் இன்னொருவர் கண்முன் செய்ய வேண்டும் என்றால், அவர் தம் பணத்துக்குத் தாமே உடையவராக இருப்பது எங்ஙனம்? அன்பால் உதவி பெறுவது உறவு. வேறு வழியின்றிக் கையேந்துவது சார்பு. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை முதுமை நன்கு உணரும். தீயவர் கையில் அச்சாவி சிக்குமாயின் நேரும் கேடு சொல்லாமலே விளங்கும்.

பாதுகாப்பு என்னும் வாதம்

வங்கிகள் முன்வைக்கும் வலிய வாதம் பாதுகாப்பு என்பதாகும். திறன்பேசிச் செயலியே மிகப் பாதுகாப்பானது; ஆகவே மாற்று வழிகள் தருவது வாடிக்கையாளர்க்கே தீங்கு என்பர். இவ்வாதத்தை நிகழ்ச்சிகளின் ஒளியில் ஆராய்தல் தக்கது.

2021 டிசம்பரில் சிங்கப்பூரின் ஓசிபிசி வங்கியின் பெயரால் போலிக் குறுஞ்செய்திகள் பரவின. அவற்றை நம்பிய ஏறத்தாழ 790 வாடிக்கையாளர் இழந்த தொகை 1 கோடியே 37 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி. மோசடிக்காரர் கையாண்ட உத்தி யாது? வாடிக்கையாளரின் விவரங்களைப் பெற்று, மின்னிலக்க ஒப்புதல் முறையைத் தம்முடைய கைப்பேசிகளில் நிறுவிக்கொண்டனர். அதனால்தான் 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட தடுப்பு முறைகளுள், புதிய கைப்பேசியில் அம்முறை இயங்கத் தொடங்குமுன் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் இடம் பெற்றது. சாவி எந்தக் கைப்பேசிக்கும் இடம் மாறக்கூடியதாக இருந்தமையே அங்குத் திருடர்க்கு வழியாயிற்று.

2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வேறொரு கேடு பெருகியது. தீய செயலிகளை நிறுவுமாறு மக்களை ஏய்த்து, அவர்தம் கைப்பேசி முழுவதையும் தொலைவிலிருந்தே கைப்பற்றினர். 1,800க்கும் மேற்பட்டோர் அதற்கு இரையாயினர். இழப்பு 3 கோடி வெள்ளியைத் தாண்டிற்று. பணம் அனுப்பும் செயலும் அதற்கு ஒப்புதல் தரும் செயலும் ஒரே கருவியில் நிகழும்போது, அக்கருவியைக் கைப்பற்றியவன் இரண்டையும் கைப்பற்றியவன் ஆகிறான். பூட்டையும் சாவியையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டுப் பெட்டி பாதுகாப்பானது என்று கூறுதல் அறிவுடைமை ஆகுமா?

இதன் பின்னர் நடந்தது இன்னும் கருதத் தக்கது. 2023 நவம்பரில் சிங்கப்பூரின் பெரிய வங்கிகள், வாடிக்கையாளர் தம் சேமிப்பின் ஒரு பகுதியை இணைய வழியில் எடுக்க இயலாதபடி பூட்டி வைக்கும் வசதியை அறிமுகப்படுத்தின. பூட்டைத் திறக்க வேண்டுமெனில் கிளைக்கோ பண இயந்திரத்திற்கோ நேரில் செல்ல வேண்டும். மிக வலிய காவல் எது என்று தேடிய வங்கிகள், இறுதியில் கைப்பேசிக்கு வெளியேதான் அதனைக் கண்டன. பாதுகாப்பின் பெயரால் மாற்று வழிகளை மறுப்போர் இதற்கு என்ன விடை பகர்வர்?

மாற்று வழிகள் உண்டு

‘குறை கூறுவது எளிது, வழி கூறுக’ எனலாம். வழிகள் உள்ளன, அவை புதியனவும் அல்ல.

முதலாவது, தனிச்சிறு எண் கருவி. சாவிக்கொத்தில் தொங்கவிடக்கூடிய அளவினது அது. கருவிக்கும் வங்கிக்கும் மட்டுமே தெரிந்த ஓர் இரகசிய எண்ணும், உள்ளே ஒரு கடிகாரமும் அதில் உண்டு. 30 அல்லது 60 நொடிக்கு ஒருமுறை கருவியும் வங்கியின் கணினியும் தனித்தனியே ஒரே கணக்கைச் செய்து ஒரே எண்ணை அடைகின்றன. இதற்கு அலைத்தொடர்பு வேண்டியதில்லை. வேறு செயலி எதனையும் அதில் நிறுவ முடியாது. ஆகவே தீய செயலி புகவும் இயலாது. எண்ணை ஏமாற்றிக் கேட்டு வாங்கும் ஆபத்து இதிலும் உண்டு என்பர். உண்மையே. அதற்காகவே பெறுநரின் கணக்கு எண்ணையும் தொகையையும் கருவியில் அழுத்தினால், அப்பரிமாற்றத்திற்கு மட்டுமே செல்லும் எண்ணைத் தரும் மேம்பட்ட கருவிகள் உருவாக்கப்பட்டன. அவ்வெண்ணைத் திருடியவன் வேறொரு கணக்கிற்குப் பணத்தைத் திருப்ப இயலாது.

இரண்டாவது, அட்டை வாசிக்கும் கருவி. பிரிட்டனில் பார்க்லேஸ் வங்கி 2007ஆம் ஆண்டிலேயே இதனை வழங்கத் தொடங்கிற்று. வாடிக்கையாளர் தம் வங்கி அட்டையை அதில் செருகி, இரகசிய எண்ணை அழுத்தினால் ஒருமுறை எண் தோன்றும். இரகசியம் அட்டையின் சில்லில் இருக்கிறது. வாசிக்கும் கருவியில் ஏதும் இல்லை. ஆதலின் ஒரு குடும்பத்தார் அனைவரும் ஒரே கருவியைப் பயன்படுத்தினாலும் ஒருவர் இரகசியம் மற்றவர்க்குத் தெரிய வாய்ப்பில்லை. பெரிய பொத்தான்களும் பேசும் குரலும் உடைய வாசிப்பான்கள் பார்வைக் குறையுடையோர்க்காக அங்கு வழங்கப்பட்டன.

மூன்றாவது, கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவி. இணையத்தளத்தின் உண்மையான முகவரியைச் சரிபார்த்த பின்னரே அது விடை தருகிறது. போலித் தளத்தைக் கண்டால் பேசாதிருக்கும். மனிதரின் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறுவதில்லை. கூகுள் நிறுவனம் 2017இல் தன் ஊழியர் 85,000க்கும் மேற்பட்டோர்க்கு இதனைக் கட்டாயமாக்கிய பின்னர், போலித் தளங்களால் அவர்தம் பணிக்கணக்குகள் எவையும் பறிபோகவில்லை என்று 2018இல் அறிவித்தது. மிகப் பெரிய கணினி நிறுவனம் ஒன்று தன்னைக் காத்துக்கொள்ளத் தேர்ந்தது கைப்பேசிச் செயலியை அன்று. விரலளவான ஒரு சிறு கருவியை.

நான்காவது, நம் ஒவ்வொருவர் பையிலும் இருக்கும் மைகார்டு. 2025 ஆகஸ்ட் 31ஆம் நாள் தொடங்கி, 18 வயதும் அதற்கு மேலும் உடைய குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் 100 ரிங்கிட் ‘சாரா’ உதவித்தொகையை அரசு வழங்கியபோது, கடையில் மைகார்டைக் காட்டியே பொருள் வாங்கினர். தொடக்க நாள்களில் நெரிசலால் தடைகள் நேர்ந்தன. எனினும் திறன்பேசி இல்லாத மூதாட்டியும் அரிசியும் மாவும் வாங்கிச் சென்றார். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் பெட்ரோல் உதவித்திட்டம் தொடங்கியபோதும் மைகார்டே அடிப்படையாயிற்று. கைப்பேசிச் செயலிகள் விரும்பினோர்க்குத் துணை வழியாக அமைந்தன. வங்கிப் பணத்துக்கு அட்டை மட்டும் போதாது. இரகசிய எண்ணோ ரேகையோ உடன் வேண்டும் என்பது உண்மை. ஆயினும் அடித்தளம் நம்மிடம் இருக்கிறது என்பதை எவரும் மறுக்க இயலாது.

இவற்றுள் எதுவும் எல்லார்க்கும் பொருந்தாது. செவிப்புலன் குன்றியவர்க்குப் பேசும் கருவி பயன்படாது. ரேகை தேய்ந்தவர்க்கு ரேகைமுறை உதவாது. ஆகவேதான் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைக் கட்டாயமாக்குதல் தீர்வாகாது. பல சாவிகள் வேண்டும். அவற்றுள் தமக்கேற்றதை வாடிக்கையாளர் தேர்ந்துகொள்ள வேண்டும்.

செலவு என்னும் சாக்கு

இத்தகைய கருவிகளுக்குச் செலவாகும் என்று வங்கிகள் கூறும். செலவாகத்தான் செய்யும். வணிக நிறுவனங்களின் கணக்குகளுக்கு எண் கருவிகளை நெடுங்காலம் வழங்கி வந்த வங்கிகளுக்கு, தனிமனிதர் கேட்கும்போது மட்டும் செலவு நினைவுக்கு வருவது ஏன்? மேலும், முன்பு சாவிக்கான செலவு வங்கியினுடையது. இன்று திறன்பேசியின் விலையும் மாதந்தோறும் இணையக் கட்டணமும் வாடிக்கையாளர் தலையில் விழுகின்றன. செலவு குறையவில்லை, அதனைச் சுமப்பவர் தோள்தான் மாறியிருக்கிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் சிங்கப்பூர் அரசு என்ன செய்தது? தொடர்புத் தடமறியும் செயலியைத் திறன்பேசியில் பயன்படுத்த இயலாதவர்க்காக, 2020 ஜூன் 28ஆம் நாள் முதல் ‘டிரேஸ் டுகெதர்’ என்னும் சிறு கருவியை வழங்கியது. முதலில் பெற்றவர்கள் முதியோரே. ‘கைப்பேசி வாங்கிக்கொள்க’ என்று அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நம் நாட்டிலும் அப்பொழுது கடைவாயிலில் மைசெஜாத்ரா செயலி இல்லாதவர் தம் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிச் சென்றனர். உயிர் காக்கும் காரியத்தில் இயன்ற மாற்று வழி, பணம் காக்கும் காரியத்தில் இயலாமற் போகுமா?

மக்கள் குரல் எழுப்பினால் முடிவுகள் மாறும் என்பதற்கும் சிங்கப்பூரே சான்று. பழைய பயண அட்டை முறையை 2024 ஜூன் முதல் கைவிடுவதாக அவ்வாண்டு ஜனவரி 9ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. நுழைவாயிலிலேயே மீதித்தொகையைக் காண விரும்பிய பயணியர் குறை கூறினர். ஜனவரி 22ஆம் நாளே அம்முடிவு மீட்டுக்கொள்ளப்பட்டது. பழைய முறையைத் தொடர 4 கோடி வெள்ளி கூடுதலாக ஒதுக்கப்பட்டது. எளிய மக்களின் வசதிக்கு ஓர் அரசு அவ்வளவு விலை கொடுக்க முன்வந்தது பாராட்டத் தக்கது.

ஐரோப்பாவில் இதனைச் சட்டத்தின் மொழியிலேயே பேசத் தொடங்கிவிட்டனர். பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம், கைப்பேசியைச் சாராத முறைகளையும் வங்கிகள் வழங்க வேண்டும் என எதிர்பார்ப்பதாகக் கூறியது. ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூனில் முன்வைத்த சட்ட வரைவு, வாடிக்கையாளரைச் சரிபார்க்கும் முறை திறன்பேசி வைத்திருப்பதைச் சார்ந்திருத்தல் கூடாது என்று வெளிப்படையாகவே உரைத்தது. நம் நாட்டிலோ 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் அதனை மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கும் பிரிவு அதில் இல்லை. பல் இல்லாத சட்டம் அறிவுரையாகவே நின்றுவிடும்.

கேட்க வேண்டியவை

ஆகவே வங்கிகளிடமும் மைய வங்கியிடமும் தமிழ்ச் சமுதாயம் உறுதியுடன் கேட்க வேண்டியவை சில உள. திறன்பேசியைச் சாராத ஒப்புதல் முறை ஒன்றையேனும் ஒவ்வொரு வங்கியும் வைத்திருத்தல் வேண்டும். முதியோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் வருமானம் குறைந்தோர்க்கும் அதனைக் கட்டணமின்றி வழங்குதல் வேண்டும். கேட்டவர்க்கு மட்டும் மறைவாகக் கொடுப்பது போதாது. கணக்குத் திறக்கும்போதே ‘உங்களுக்கு எந்தச் சாவி ஏற்றது?’ என்று வங்கி அலுவலர் வினவுதல் வேண்டும். கருவியின் வழிகாட்டிக் குறிப்புகள் தமிழிலும் அமைதல் வேண்டும். மாற்றுச் சாவி பெற்றவர்க்குச் சேவையில் குறைவோ கட்டணத்தில் மிகுதியோ இருத்தல் கூடாது. பிறர் துணை உண்மையிலேயே தேவைப்படுவோர்க்கு, இரகசியத்தைக் கைமாற்றாமல், ஒரு வரம்புக்குட்பட்டு உதவியாளரைப் பதிவு செய்யும் முறையான ஏற்பாடு வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. தம் பணத்தைத் தாம் ஆளும் உரிமையின் கூறுகள். பேங்க் நெகாராவின் ‘அல்லது’ என்னும் அச்சொல்லுக்கு உயிர் கொடுத்தால், இவற்றுட் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

இதில் ஆசிரியப் பெருமக்களின் பங்கு சிறிதன்று. ஒரு காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே அவ்வூர் மக்களின் கண்ணும் கையுமாக இருந்தார். கடிதம் எழுதியதும் விண்ணப்பம் நிரப்பியதும் தாயகத்துக்குப் பணம் அனுப்பும் படிவத்தைப் பூர்த்தி செய்ததும் அவரே. இன்று அப்பணி வேறு வடிவம் பெற்றிருக்கிறது. வகுப்பறையில் அலுவல் கடிதம் எழுதக் கற்பிக்கும்போது, கற்பனையான பொருளுக்குப் பதிலாக இதனையே பொருளாகக் கொள்ளலாம். தம் வீட்டு முதியோரிடம் கேட்டறிந்து, அவர்தம் இடர்ப்பாட்டை வங்கிக்கு விளக்கி மாணவர் கடிதம் எழுதட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அவற்றைத் தொகுத்து உரிய இடத்திற்கு அனுப்பட்டும். மொழிப்பயிற்சியும் சமுதாயத் தொண்டும் ஒருங்கே நிகழும்.

மாணவர்க்கும் ஓர் அறிவுரை தகும். பாட்டியின் வங்கிச் செயலியைத் தம் கைப்பேசியில் வைத்திருப்பதைப் பெருமையாகக் கருதும் இளையோர் உளர். அந்தப் பொறுப்பு அவர்தம் தோளுக்கு உரியதன்று. வங்கி தட்டிக் கழித்த கடமை அவர்கள் மீது விழுந்திருக்கிறது. பாட்டிக்குச் செய்யத்தக்க உண்மையான உதவி, அவர் பொருட்டுச் செயலியைத் திறப்பதோடு முடிவதன்று. அவர் பிறர் துணையின்றித் தாமே திறக்கக்கூடிய ஒரு சாவியை வங்கியிடம் கேட்டுப் பெற்றுத் தருவதே ஆகும்.

வங்கி அடையாளம் காண வேண்டியது மனிதரை. அவர் கையிலுள்ள கருவியை அன்று. கருவிகள் தோன்றும், மாறும், மறையும். சேமித்தவரின் உரிமை அவற்றோடு மறைந்துவிடலாகாது. உழைத்துத் தேய்ந்த கைகளுக்கு ஏற்ற சாவியைச் செய்து கொடுப்பது, அக்கைகள் ஈட்டிய பணத்தால் வளர்ந்த வங்கிகளின் கடமை. அக்கடமையை அவற்றுக்கு இடைவிடாது நினைவுறுத்துவது கற்றோர் கடமை.